ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்

நாகசுரத்தில் சீவாளி அதிர்கிறது. வீணையில் தந்தி அதிர்கிறது. மிருதங்கத்தில் தோல் அதிர்கிறது. புல்லாங்குழலில் குழலுக்குள் இருக்கும் காற்றே அதிர்கிறது. சிந்தசைசர் என்று ஒரு வாத்தியம் இருக்கிறதே, அதில் எது அதிர்கிறது?

கடைசியில் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அதிர்கிறது என்பது உண்மைதான். ஆனால் வானொலிப் பெட்டியிலும் அதே கூம்புதான் அதிர்கிறது. அதை யாரும் வாத்தியம் என்று சொல்வதில்லை. சிந்தசைசரில் முதன்முதலில் அதிர்வது மின்னழுத்தம். ஒரு கம்பியிலுள்ள மின்னழுத்தம் விநாடிக்கு 261 முறை ஏறி இறங்கட்டும். அதை ஒலிபெருக்கியிடம் கொடுத்தால் ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம் கேட்கும். மரமும் தோலும் தந்தியும் செய்கிற வேலையை ஒரு மின்சுற்று செய்துவிடுகிறது.

கடையில் விற்கும் கீபோர்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எல்லாம் உள்ளே மூடிக் கிடக்கும். பொத்தானை அழுத்தினால் வயலின், இன்னொன்றை அழுத்தினால் மணி. நாம் இங்கே பேசப்போவது வேறு வகை. சுவரோரம் நிற்கும் புத்தக அலமாரியைக் கற்பனை செய்யுங்கள். புத்தகங்களுக்குப் பதில் வரிசை வரிசையாக உலோகத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் சில திருகு குமிழ்கள், சில துளைகள். துளைக்குத் துளை கம்பிகள் தொங்கும். பழைய தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் முன்னே இருந்த பலகை போலத் தோன்றும். ஒவ்வொரு தகடும் அதன் பின்னேயுள்ள சுற்றும் சேர்ந்து ஒரு தனி உறுப்பு. இதற்கு மாட்யூல் என்று பெயர். எந்த உறுப்பை எதனோடு இணைப்பது என்பது வாசிப்பவர் விருப்பம். கம்பியை மாற்றினால் வாத்தியமே மாறிவிடும்!

இவ்வகைச் சிந்தசைசரை வீட்டிலேயே செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சுற்றைத் தாங்களே பற்றவைத்து, தகட்டைத் தாங்களே துளைத்து, எழுத்துகளைத் தாங்களே பொறிக்கிறார்கள். அவர்கள் கையாளும் இயற்பியல் உங்கள் மேல்நிலைப் பாடப் புத்தகத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

குமிழைத் திருப்பும் மின்னழுத்தம்

1950களில் மின்னணு இசை செய்தவர்கள் ஆய்வுக்கூடத்து அலையியற்றிகளையே பயன்படுத்தினார்கள். குமிழைத் திருப்பி ஒரு சுரத்தை வைப்பார்கள். ஒலி நாடாவில் பதிவு செய்வார்கள். மீண்டும் திருப்பி அடுத்த சுரத்தைப் பதிவு செய்வார்கள். பிறகு நாடாவைக் கத்தியால் வெட்டி ஒட்டுவார்கள். ஒரு நிமிட இசைக்குப் பல நாள் உழைப்பு. மனிதக் கையால் ஒரு குமிழை விநாடிக்கு ஆறேழு முறை சீராக ஆட்ட முடியாது; ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆயிரத்தில் ஒரு விநாடியில் தாவவும் முடியாது. தடை அங்கேதான் இருந்தது.

குமிழைக் கைக்குப் பதில் மின்னழுத்தமே திருப்பினால் என்ன? இந்த எண்ணத்தை 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே செயலாக்கினார்கள். மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோவில், டான் புக்லா. கிழக்கே, நியூயார்க் மாநிலத்தில், ராபர்ட் மோக். (இவர் பெயரை ‘மூக்’ என்றே பலர் படிக்கிறார்கள், அவர் உச்சரித்தது மோக் என்றுதான்.) மோக் சிறுவனாக இருந்தபோதே தந்தையோடு சேர்ந்து வீட்டில் தெரமின் என்ற மின்னணு வாத்தியத்தைக் கட்டியவர். பின்னர் தெரமின் செய்வதற்கான பாகங்களைத் தொகுப்பாக விற்றார். 1964-ல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து தம் முதல் மாட்யூல்களை உருவாக்கினார்.

இந்தியாவுக்கும் இக்கருவி விரைவிலேயே வந்தது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-ல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் முதலான இந்தியர்கள் அதில் உருவாக்கிய ஒலிகள் நாடாக்களில் பல ஆண்டுகள் கிடந்து, 2023-ல் இசைத் தொகுப்பாக வெளிவந்தன.

மாட்யூல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் முக்கியமானவை சிலவே. ஒலியைப் பிறப்பிப்பது அலையியற்றி. அதிலுள்ள உயர் அதிர்வெண்களைக் குறைத்து ஒலிக்கு நிறம் கொடுப்பது வடிகட்டி. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது பெருக்கி. வீணைத் தந்தியை மீட்டியதும் ஒலி சட்டென்று எழுந்து மெல்ல அடங்குகிறது. வயலினில் மெல்ல எழுகிறது. இந்த எழுச்சியையும் அடக்கத்தையும் ஒரு மின்னழுத்த வடிவமாக வரைந்து பெருக்கிக்குச் சொல்லும் உறுப்பும் உண்டு. எல்லா உறுப்புகளும் பேசும் மொழி ஒன்றே: மின்னழுத்தம். அதனால்தான் எதை எதனோடும் இணைக்க முடிகிறது.

முதல் அலையியற்றி

எட்டுக் கால்கள் கொண்ட 555 என்ற ஐ.சி. 1971-ல் ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்தது. இன்றும் சென்னை ரிச்சி தெருவிலும், எந்த ஊர் மின்னணுக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு 9 வோல்ட் மின்கலத்தையும் இதையும் வைத்து இன்று மாலையே நீங்கள் ஒலியெழுப்பலாம்.

8-ஆம் காலையும் 4-ஆம் காலையும் மின்கலத்தின் நேர்முனைக்கும், 1-ஆம் காலை எதிர்முனைக்கும் இணையுங்கள். 8-க்கும் 7-க்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடை. 7-க்கும் 6-க்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடையும் அதனோடு தொடராக 100 கிலோ ஓம் மாறு மின்தடையும். (கடையில் ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்றால் எடுத்துத் தருவார்கள்.) 6-ஐயும் 2-ஐயும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து எதிர்முனைக்கு 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி. 3-ஆம் காலிலிருந்து 100 ஓம் மின்தடை, 47 மைக்ரோபாரட் மின்தேக்கி வழியாகச் சிறிய ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி. ஒலிபெருக்கியின் மறுமுனை எதிர்முனைக்கு. 47 மைக்ரோபாரட் மின்தேக்கியில் நேர், எதிர் அடையாளம் உண்டு, நேர்ப்பக்கம் ஐ.சி.யை நோக்கி இருக்கட்டும்.

உள்ளே நடப்பது எளிது. மின்தடைகளின் வழியே மின்தேக்கி மெல்ல நிரம்புகிறது. மின்கல அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 6 வோல்ட்டை, எட்டியதும் ஐ.சி. மடையைத் திறந்துவிடுகிறது. 3 வோல்ட்டுக்கு வடிந்ததும் மடை மூடி மீண்டும் நிரம்பத் தொடங்குகிறது. நிரம்பி வடிய ஆகும் நேரமே ஒரு அதிர்வின் காலம். கணக்கிட்டுப் பாருங்கள்: 7-ஆம் காலுக்கும் 6-க்கும் இடையிலுள்ள மின்தடையை இரட்டித்து, அதோடு அந்த 1 கிலோ ஓமைக் கூட்டி, மின்தேக்கியால் பெருக்கி, 1.44-ஐ அதனால் வகுத்தால் அதிர்வெண் வரும். குமிழை ஒரு கோடியில் வைத்தால் ஏறத்தாழ 68 ஹெர்ட்ஸ். மறு கோடியில் 1,385 ஹெர்ட்ஸ். நான்கு ஸ்தாயிக்குச் சற்று மேல்.

இதே போல் இன்னொரு சுற்றைக் கட்டுங்கள். ஆனால் 0.1-க்குப் பதில் 10 மைக்ரோபாரட் மின்தேக்கி போடுங்கள், ஒலிபெருக்கி வேண்டாம். மின்தேக்கி நூறு மடங்கு பெரிதாகிவிட்டதால் இது நூறு மடங்கு மெதுவாக ஆடும். காதுக்குக் கேட்காது. இதன் 3-ஆம் காலை 10 கிலோ ஓம் மின்தடை வழியாக முதல் ஐ.சி.யின் 5-ஆம் காலுக்கு இணையுங்கள். உடனே முதல் அலையியற்றி இரு சுரங்களுக்கிடையே மாறி மாறிப் பாடும், ஆம்புலன்ஸ் சங்கு போல. எந்தக் கையும் குமிழைத் தொடவில்லை. ஒரு சுற்று இன்னொரு சுற்றின் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. புக்லாவும் மோக்கும் கண்ட வித்தையின் வித்து இதுதான்.

கூட்டலும் பெருக்கலும்

இனித்தான் சிக்கல். 5-ஆம் காலின் அழுத்தத்தைக் கூட்டினால் 555-இன் சுருதி இறங்குகிறது. அதுவும் சீராக இறங்குவதில்லை. சங்கு ஊதப் போதும், சங்கீதத்துக்குப் போதாது. சரி, ஒரு வோல்ட் கூடினால் சரியாக 100 ஹெர்ட்ஸ் கூடும் என்று ஒரு நல்ல அலையியற்றியைச் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். போதுமா?

1 வோல்ட்டில் 100 ஹெர்ட்ஸ், 2 வோல்ட்டில் 200. அதிர்வெண் இரட்டித்துவிட்டது; சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம். 3 வோல்ட்டில் 300. 200-க்கும் 300-க்கும் உள்ள விகிதம் ஒன்றரை. அது சட்ஜத்திலிருந்து பஞ்சமம். 4 வோல்ட்டில் 400. மூன்றுக்கு நான்கு என்ற விகிதம், சட்ஜத்திலிருந்து மத்தியமம். ஒவ்வொரு முறையும் ஏற்றியது அதே ஒரு வோல்ட்தான். காதில் விழுந்ததோ மூன்று வெவ்வேறு இடைவெளிகள்! நம் காது வித்தியாசத்தைக் கேட்பதில்லை, விகிதத்தைக் கேட்கிறது.

எனவே வோல்ட்டைக் கூட்டும்போது அதிர்வெண் பெருக்கப்பட வேண்டும். மோக் ஏற்ற விதி: ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இரு மடங்கு. ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள். ஆக ஒரு அரைச்சுரத்துக்கு 83.3 மில்லி வோல்ட். இதன் அழகைப் பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை இரண்டு கட்டைக்கு ஏற்ற வேண்டுமா? இரண்டு அரைச்சுரம், அதாவது 167 மில்லி வோல்ட்டை எல்லா அலையியற்றிகளுக்கும் கூட்டினால் போதும். கச்சேரி முழுவதும் ஒரே குமிழில் சுருதி மாறும். பியானோவைப் போலப் படிப்படியாகத் தாவ வேண்டிய கட்டாயமும் இல்லை. மின்னழுத்தம் இடைவெளியின்றி வழுக்கிச் செல்லக்கூடியது. கமகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதிர்வெண்ணை இப்படிப் பெருக்கித் தருவது யார்? டிரான்சிஸ்டர். அதன் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலுள்ள அழுத்தத்தை 18 மில்லி வோல்ட் கூட்டினால், ஏற்பானில் பாயும் மின்னோட்டம் இரு மடங்காகிறது. இன்னொரு 18 கூட்டினால் நான்கு மடங்கு. இயற்கையே கூட்டலைப் பெருக்கலாக்கித் தருகிறது. வரும் 1 வோல்ட்டை 100 கிலோ ஓம், 1.8 கிலோ ஓம் மின்தடைகளால் பங்கிட்டு ஏறத்தாழ 18 மில்லி வோல்ட்டாக்கி டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கிறார்கள். இரட்டித்த மின்னோட்டம் மின்தேக்கியைப் பாதி நேரத்தில் நிரப்புகிறது. அதிர்வெண் இரட்டிக்கிறது.

ஆனால் டிரான்சிஸ்டர் ஒரு வெப்பமானியும் கூட. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், அதே மின்னோட்டத்துக்கு அதற்குத் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறைகிறது. சிறு தொகைதானே என்று எண்ண வேண்டாம். 18 மில்லி வோல்ட் ஒரு ஸ்தாயி என்றால் 2 மில்லி வோல்ட் என்பது ஸ்தாயியில் ஒன்பதில் ஒரு பங்கு. அரைச்சுரத்தையும் தாண்டிய பிழை. அறையில் மின்விசிறியை நிறுத்தினாலே சுருதி ஓடிவிடும்! இதற்கு மருந்து, ஒன்றையொன்று ஒத்த இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒட்டி வைத்து அவற்றின் வித்தியாசத்தை மட்டும் பயன்படுத்துவது. இரண்டும் சேர்ந்தே சூடேறுவதால் பிழை அடிபட்டுப் போகிறது. ஒரே சில்லில் ஐந்து டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சி.ஏ.3046 என்ற ஐ.சி.யை வீட்டில் செய்பவர்கள் நெடுங்காலம் இதற்காகவே தேடி வாங்கினார்கள்.

அப்போதும் முழுதாகத் தீராது. அந்த 18 மில்லி வோல்ட்டே தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறுவது. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். ஒரு டிகிரி ஏறினால் முந்நூறில் ஒரு பங்கு, 0.33 சதவீதம், ஸ்தாயியின் அளவே பிசகும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கி ஒரு பங்கை சென்ட் என்பார்கள். மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால் பிழை 12 சென்ட். ஐந்து டிகிரி ஏறினால் 60 சென்ட். பாதி அரைச்சுரத்துக்கும் மேல். சுருதிப் பெட்டியோடு கேட்கும் எவரும் முகம் சுளிப்பார்கள். வெண்டி கார்லோஸ் 1968-ல் வெளியிட்ட பாக் இசைத்தட்டை மோக் கருவியில் ஒவ்வொரு சுரவரியாகப் பதிவு செய்தபோது, விலகிக்கொண்டே இருந்த சுருதியை அடிக்கடி நிறுத்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இதற்கும் மருந்து உண்டு. பங்கிடும் இரு மின்தடைகளில் சிறியதை, டிகிரிக்கு 0.33 சதவீதம் தானும் வளரும் சிறப்பு வகையாகப் போட்டு, டிரான்சிஸ்டர் ஜோடியின் முதுகில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே சூடேறினால் இங்கே மின்தடை ஏறும். ஸ்தாயி நிலைத்து நிற்கும். சார்லஸ் விதியில் நீங்கள் சந்தித்த அதே கெல்வின், ஒரு வாத்தியத்துக்குள் உட்கார்ந்துகொண்டு சுருதியைக் கலைக்கிறது, பாருங்கள். என் வகுப்பில் தனி வெப்பநிலையை நடத்தும்போது வாயுக்களோடு இதையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

முகப்புத் தகடு

சுற்று வேலை செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சுற்றை ஒருமுறைதான் கட்டுகிறீர்கள். முகப்பையோ ஒவ்வொரு நாளும் தொடப் போகிறீர்கள். எது உள்ளே போகும் துளை, எது வெளியே வரும் துளை என்று தெரியாவிட்டால், கட்டியவரே மூன்று மாதம் கழித்துத் திகைப்பார்.

1970களில் கலிபோர்னியா கலைக் கல்லூரி ஒன்றில் செர்ஜ் செரெப்னின் என்ற ஆசிரியரும் மாணவர்களும், விலை உயர்ந்த கருவிகளை வாங்க வழியில்லாமல் தாங்களே மாட்யூல்களைப் பற்றவைத்தார்கள். அவர்களுடைய தொடக்க கால முகப்புகளில் வண்ண வடிவங்கள் அச்சிட்ட காகிதமே ஒட்டியிருந்தது. அவை இன்றும் ‘காகித முகப்பு’ என்றே அன்போடு அழைக்கப்படுகின்றன.

இப்போது பலரும் பின்பற்றும் அளவு 1990களின் நடுவில் ஜெர்மனியின் டோப்பர் நிறுவனம் பரப்பியது. ஆய்வுக்கூடக் கருவிகளின் சட்ட அளவைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தகட்டின் உயரம் 128.5 மி.மீ.; அகலம் 5.08 மி.மீ.யின் மடங்குகளில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் செய்த உறுப்பு உங்கள் பெட்டியிலும் பொருந்தும். மின்சாரம் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட். (அந்த மின்வழங்கியை ஆயத்தமாகவே வாங்குங்கள், 230 வோல்ட்டோடு விளையாட்டு வேண்டாம். நம் 555-க்கு மின்கலமே போதும்.)

2 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகடு வாங்குங்கள். முதலில் வரைபடத்தாளில் உண்மை அளவிலேயே வரையுங்கள். தாளின் மேல் குமிழ்களை வைத்து, இரண்டு விரல்களால் ஒவ்வொன்றையும் திருப்புவது போல் செய்து பாருங்கள். விரல் அடுத்த குமிழில் இடித்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். துளைகளைக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் தொங்கும் கம்பிகள் குமிழ்களை மறைக்கும்.

தாளைத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் துளையிடும் கருவி வழுக்கி ஓடும். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு காதுக்கருவிகளுக்கு வரும் 3.5 மி.மீ. சாக்கெட்டுக்கு 6 மி.மீ., மாறு மின்தடைக்கு 7 மி.மீ. என்று பெரிதாக்குங்கள். வாங்கிய பொருளை அளந்த பிறகே துளையிடுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும். மெல்லிய தகட்டைக் கையில் பிடித்துத் துளைக்கவே கூடாது. கருவி தகட்டைக் கவ்விச் சுழற்றினால் அது கத்தியாகிவிடும். மரக்கட்டையின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு, பெரியவர் ஒருவர் அருகிருக்கச் செய்யுங்கள். பிசிறுகளை அரத்தால் தேயுங்கள்.

எழுத்துகளுக்கு ஒரு நல்ல வழி: ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் இடவலம் மாற்றி அச்சிட்டு, மைப்பக்கம் தகட்டை நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். விரல் எவ்வளவு தேய்த்தாலும் மை அழியாது. விலைக்கு வரும் முகப்புகளில் மூன்று ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள்தான் இருக்கும். உங்கள் தகட்டில் ‘சுருதி’, ‘வேகம்’, ‘வருகை’, ‘வெளி’ என்று எழுதுவதை யார் தடுப்பார்கள்? வெளியே வரும் துளைகளைச் சுற்றி மட்டும் கறுப்புக் கட்டம் போடுங்கள். இரு வெளித்துளைகளைத் தவறி இணைத்துவிட்டாலும் ஐ.சி. தப்பிக்க, மெதுவான சுற்றின் வெளித்துளைக்கு முன்னே 1 கிலோ ஓம் மின்தடை போடுங்கள். ஓம் விதிப்படி 9 வோல்ட்டில் 9 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாது. 5-ஆம் காலுக்கான 10 கிலோ ஓமைச் சாக்கெட்டுக்குப் பின்னால் நிரந்தரமாகப் பற்றவைத்துவிடலாம்.

தகட்டைச் சுற்றின் எதிர்முனையோடு இணைக்க மறக்காதீர்கள். அறை முழுவதும் 50 ஹெர்ட்ஸ் மின்புலம் பரவியிருக்கிறது. இணைக்கப்பட்ட உலோகத் தகடு அதைப் பெரிதும் தடுத்து உறுமலைக் குறைக்கும். பைக்கோபாரட் அளவில் சிறிய மின்தேக்கிகளை வைத்து ஓடும் சுற்றுகளில், கை அருகே வந்தாலே சுருதி மாறும். தெரமின் அந்தக் குறையையே வாத்தியமாக்கிக்கொண்டது. நமக்கு அது வேண்டாம். தகடு நடுவே நின்று பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. மெதுவான சுற்றின் 10 மைக்ரோபாரட்டைக் கழற்றி, அங்கேயும் 0.1 போட்டுப் பாருங்கள். விநாடிக்குச் சில முறை ஆடிக்கொண்டிருந்த சங்கு, நூறு மடங்கு வேகத்தில் ஆடும். இப்போது காது இரண்டு சுரங்களைத் தனித்தனியே கேட்காது. ஓட்டை வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டியது போல் ஒரு புது ஒலி எழும். ‘வேகம்’ குமிழை மயிரிழை திருப்பினாலும் அதன் நிறம் மாறும். இரு மின்தேக்கிகளையும் ஒரு ஸ்விட்சால் மாற்றிக்கொள்வதே வசதி. ஆகவே தகட்டில் துளையிடும் போதே, குமிழுக்குப் பக்கத்தில் ஸ்விட்சுக்கென ஒரு 6 மி.மீ. துளையும் போட்டு வையுங்கள்.